மூன்றாம் தவணைக் கடிதம்: பேசியது யார்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

தவணையில் பாதி ஓடிவிட்டது. பிள்ளைகளின் வருகை நன்றாக இருக்கிறது, தொடக்கநிலை 6 மாணவர்கள் வாய்மொழித் தேர்வுக்கு மும்முரமாகத் தயாராகிறார்கள், வாசிப்பு மூலைக்குப் புத்தகம் கொடுத்த எல்லாருக்கும் நன்றி. சரி, அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்ததே போன சனிக்கிழமை நடந்த இன நல்லிணக்கப் பேச்சுப் போட்டியைப் பற்றித்தான்.

26 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம். ஏழு பேர் வானவில்லில் ஆரம்பித்தார்கள், அதில் நான்கு பேருக்கு வாக்கியம்கூட ஒன்றேதான். எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கைப்பேசியில் கேட்டால் பத்து விநாடியில் கொட்டுகிறது. அதைக்கூட விட்டுவிடலாம். தொடக்கநிலை 4 படிக்கும் ஒரு தம்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நான் தேசிய சேவை செய்த நாட்களில் என் மலாய் நண்பர் தன் தண்ணீரை எனக்குக் கொடுத்தார்" என்றான். பெரியவனான பிறகு போகும் ராணுவப் பயிற்சி அது, இவனுக்கு வயது பத்து! எல்லாரும் சிரித்துவிட்டோம், நானும்தான். ஏன் சிரிக்கிறோம் என்று புரியாமல் அவன் முகம் சுருங்கி, மீதிப் பேச்சு மறந்தே போய்விட்டது. அப்பாவின் அனுபவம் நல்ல அனுபவம்தான், "எங்கப்பா சொன்னார்" என்று மட்டும் சேர்த்திருந்தால் அன்றைக்குக் கைதட்டு அவனுக்குத்தான்.

கடகடவென்று பேசி முடித்த இன்னொரு பிள்ளையிடம் நடுவர், இன நல்லிணக்க நாள் ஏன் ஜூலை 21 என்று கேட்டார். பதில் இல்லை, கண் நேராக அம்மாவைத் தேடியது. 1964இல் அதே தேதியில்தான், இங்கே சிங்கப்பூரில், நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங்கிலிருந்து கேலாங் பக்கம் போனபோது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 23 பேர் இறந்தார்கள், 454 பேருக்குக் காயம், ஊரடங்கு போட்டார்கள், செப்டம்பரில் மறுபடியும் வெடித்து இன்னும் 13 உயிர் போனது. அதை மறக்கக்கூடாது என்றுதான் 1997 முதல் பள்ளிகளில் இந்த நாள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு அந்த ஊரடங்கு நினைவிருக்கலாம், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வானவில்லை விட்டுவிடலாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. போட்டி முடிந்து பிள்ளைகள் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் (எந்த வகுப்பு என்று சொல்ல மாட்டேன்) என்னிடம், தலையில் எண்ணெய் வாசம் என்று பள்ளியில் பக்கத்து மேசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள், அப்புறம் அதில் ஒருவனே தன் குடையில் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கூட்டிப் போனான் என்றான். இதை ஏன் மேடையில் சொல்லவில்லை என்றேன். "வீட்ல அந்த வரியை அடிச்சுட்டாங்க டீச்சர், நல்லதை மட்டும் பேசணுமாம்." உங்கள் பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அந்த மூக்குப் பொத்தலை எடுத்துவிட்டால் குடைக்கு என்ன அர்த்தம் மிஞ்சும்?

முடிவைப் பற்றி மூன்று பேர் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தீர்கள். திக்கித் திணறிய பிள்ளைக்கு எப்படி முதல் பரிசு என்று. ஆமாம், திணறினாள், தாழ்வாரம் என்ற சொல் வராமல் காரிடார் என்றாள். ஆனால் பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு, அதாவது மலாய் அத்தைக்கு, தீபாவளி முறுக்கு கொண்டு போகும் தட்டு ஒருமுறைகூடக் காலியாகத் திரும்பியதில்லை என்றும், நம் தட்டில் அவர் சாப்பிடலாமா என்று வீட்டில் பெரியவர்கள் குழம்பியபோது தானே போய்க் கதவைத் தட்டிக் கேட்டதாகவும் சொன்னாள். அது அவளுடைய பேச்சு. மூன்று நடுவர்களும் ஒரே முடிவு.

கண்டிப்பாகவே சொல்கிறேன். அடுத்த ஆண்டு எழுதிக்கொண்டு வரும் பேச்சு கிடையாது. தலைப்பை அன்றைக்கே தருவோம், இருபது நிமிடம் யோசிக்கலாம், பெற்றோர் வெளியே இருக்க வேண்டும். கடைசி வரிசையில் நின்று வாயசைத்துக் காட்டுவது இந்த ஆண்டோடு முடிந்தது. முடிவு பற்றிய வாட்ஸ்அப்புக்கு இனிப் பதில் வராது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து களைத்து வந்து, பிள்ளை மேடையில் தவித்துவிடக் கூடாதே என்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், அந்த அக்கறையால்தான் இந்த வகுப்பே நடக்கிறது. அன்று நாற்காலி அடுக்கியவர்களுக்கும், சைவம், ஹலால் என்று தனித்தனியாகப் பார்த்து உணவு ஏற்பாடு செய்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

பங்கேற்புச் சான்றிதழ்கள் வரும் சனிக்கிழமை வகுப்பில் கிடைக்கும். நீல மூடி போட்ட டப்பா ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, யாருடையதோ வாங்கிக்கொள்ளுங்கள். காலியாகத்தான் தருகிறேன், மன்னிக்கவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு