இன்டர்ன்ஷிப் நேர்காணலும் ஆய்வகத் தேர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கிய கையோடு, அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் (படிக்கும்போதே நிறுவனத்தில் பெறும் பணிப்பயிற்சி) தேர்வுகளும் பல இடங்களில் தொடங்கிவிடுகின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் நான், இந்த நேர்காணல்களைச் சில ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் கட்டமான இணையவழித் தேர்வில், ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று கேள்விகளுக்கு நிரல் (புரோகிராம்) எழுத வேண்டும். மாணவர்கள் இதற்கு நன்றாகவே தயாராகி வருகிறார்கள். ஹேக்கர்ரேங்க், லீட்கோட் ஆகிய நிரல் பயிற்சித் தளங்களில் உழைத்த உழைப்பு தெரிகிறது. (சராசரி மதிப்பெண்ணான சிஜிபிஏ போதவில்லை, எப்போதோ ஓர் அரியர் இருந்தது என்று அதற்கும் முன்பே கழித்துக்கட்டப்படுபவர்களின் நியாயம் தனிக் கடிதத்துக்கு உரியது.) காணொலியில் நேர்காணல் நடத்துபவரும் மாணவரும் ஒரே திரையைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் பேச வேண்டிய அடுத்த கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

எளிய கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அரேயில், அதாவது வரிசையாக அடுக்கிய பட்டியலில், உள்ள எண்களில் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் கேட்டு முடிப்பதற்குள் பெரும்பாலானோர் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி), பத்து நிமிட மௌனம், சரியான விடை. அந்த நிரல் ஓட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டால், 'ஓ ஆஃப் என் ஸ்கொயர், சார்' (எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் கூடும்) என்று உடனே பதில் வரும். அந்த ஸ்கொயர் எங்கிருந்து வந்தது, பார்த்த எண்களைக் குறித்துவைத்து உடனே தேட உதவும் ஹேஷ் டேபிள் வைத்தால் ஏன் ஒரே சுற்றில் முடிகிறது, அதற்காக எவ்வளவு மெமரி கூடுதலாகச் செலவாகும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். சென்ற முறை வந்த மாணவி ஒருவர், குறை எண்கள் வருமா, ஒரே எண் இரு முறை வரலாமா, எண்கள் ஏறுவரிசையில் உள்ளனவா என்று முதலில் கேட்டார். ஏறுவரிசை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், இரு முனைகளிலிருந்தும் தொடங்கி, தொகை அதிகமானால் வலப்புறத்தையும் குறைந்தால் இடப்புறத்தையும் ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தலாம் என்று பாதித் தமிழில் விளக்கினார். நிரலை முடிக்க அவருக்கு நேரம் போதவில்லை. ஆனாலும் அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆங்கிலம்தான் குறை என்று கருதும் கல்லூரிகள், மூன்றாம் ஆண்டில் அவசர அவசரமாக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கும் ஆப்டிட்யூட் வகுப்புக்கும் வெளியாட்களை அழைக்கின்றன. நேர்காணல் நடத்துபவர் ஹைதராபாத்காரராக இருந்தால் தமிழ் கைகொடுக்காது என்பது உண்மைதான். ஆனால், தமிழிலேயே சொல்லுங்கள் என்று நான் கேட்டுக்கொண்ட பிறகும் வாய் திறக்காதவர்கள் பலர். தாம் எழுதிய நிரலுக்குக் காரணம் சொல்லும்படி அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி, கணினி அறிவியல் மாணவர்கள் மூன்றாம் பருவத்தில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸையும் (தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகள்) நான்காம் பருவத்தில் அல்காரிதம்ஸையும் (தீர்வுக்கான படிமுறைகள்) படித்துவிடுகிறார்கள். ஆகவே பாடத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆய்வகத்திலோ, ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரலை மனப்பாடம் செய்து, தேர்வன்று அப்படியே தட்டச்சு செய்து, அவுட்புட் வரவைத்துவிட்டால் போதும் என்ற நிலையே பல கல்லூரிகளில் உள்ளது. வைவா எனும் வாய்மொழித் தேர்வு, வரையறைகளை ஒப்பிக்கும் இரண்டு நிமிடச் சடங்காகிவிட்டது.

லிங்க்டு லிஸ்ட் (ஒன்றோடொன்று கோத்த தரவுப் பட்டியல்) காலியாக இருந்தால் உன் நிரல் என்ன செய்யும், இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர் எழுதியதிலிருந்தே வைவா கேள்விகள் அமைய வேண்டும். வகுப்புக்கு அறுபது பேர் இருக்கையில் இது எப்படி முடியும் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே; தேர்வு நாள் வரை காத்திராமல், வாராந்தர ஆய்வக நேரத்திலேயே மாணவர்கள் இருவர் இருவராக ஒருவரையொருவர் கேட்கும்படி செய்தால் ஓரளவு சமாளிக்கலாம். இதற்கேற்ப வைவாவுக்குக் கூடுதல் மதிப்பெண் ஒதுக்குமாறு பல்கலைக்கழகத்தையும், மாணவர்களின் திறன் வளர்க்க 2022இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தில் இத்தகைய மாதிரி நேர்காணல்களை இரண்டாம் ஆண்டிலேயே நடத்துமாறு தமிழக அரசையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்,
சோழிங்கநல்லூர், சென்னை.