ஆய்வேட்டில் இடம் போதாத நன்றி

புதுச்சேரி காலாப்பட்டில் நான் செய்துவந்த முனைவர் பட்ட ஆய்வு முடிந்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். அதில் நன்றி சொல்ல ஒரே ஒரு பக்கம், அதுவும் ஆங்கிலத்தில். எனக்குக் கைகொடுத்தவர்களில் பலர் அதைப் படிக்கப் போவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஆல்ஃபா சைனுக்ளின் என்று ஒரு புரதம். அமினோ அமிலம் என்கிற சின்னச் சின்ன மூலக்கூறுகள் 140 கோத்த சங்கிலி, அவ்வளவுதான். நம் எல்லோர் மூளையிலும் இருக்கிறது. கை நடுங்கி, உடல் அசைவு மெதுவாகிப்போகும் பார்க்கின்சன் நோயில் அது ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராகத் திரண்டு, நரம்பு செல்லுக்குள் தேங்கிவிடுகிறது. அந்தத் தேக்கத்தில் முக்கியப் பங்கு இந்தப் புரதத்துக்குத்தான் என்பது 1997இல் தெரியவந்தது. அது திரளத் தொடங்கும் முதல் கட்டத்தைப் பற்றியதுதான் என் ஆய்வு.

கடலூர் முதுநகர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் முதல் வணக்கம். ஐயாவுக்கு இந்த நோய்தான். கை நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே, வீட்டில் கருவாடு வறுத்தால் ஐயாவுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டதாம். "சளின்னு நெனச்சு விட்டுட்டோம்" என்றீர்கள், அம்மா. மூளையில் வாசனை உணரும் பகுதியில் இந்தப் புரதம் ஆரம்பத்திலேயே சேரக்கூடும் என்று படித்திருந்தேன். ஒரு வீட்டுக்குள் அது எப்படித் தெரியும் என்பதை உங்களிடம்தான் கற்றேன். எழுத்து வர வரச் சிறுத்துப்போன பழைய கணக்கு நோட்டுகளையும் ஐயா தயங்காமல் எடுத்துக் காட்டினார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அதையெல்லாம் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அப்புறம், எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஊரெல்லாம் வெள்ளம், கரண்ட் இல்லை. பாக்டீரியாவில் வளர்த்து, சுத்திகரித்துச் சேர்த்திருந்த புரதம் முழுவதும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருந்தது. குளிர் விட்டால் அத்தனை உழைப்பும் வீண். அண்ணா, உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. அப்படியும் டீசல் கேனோடு வந்து ஜெனரேட்டரை அணையவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள். என் ஆய்வேட்டின் கடைசி இரண்டு அத்தியாயங்களும் அந்தப் புரதத்தில் செய்தவைதான்.

கண்ணாடிக் குடுவைகளை ஒரு கறை இல்லாமல் கழுவித் தந்த அக்காவுக்கும், பிழை என்றால் பிழை என்றே சொன்ன நெறியாளருக்கும், வீட்டில் என்னை எதற்கும் எதிர்பார்க்காத அப்பாவுக்கும் நன்றி.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். தேதி தெரிந்ததும் சொல்கிறேன். ஐயா, அம்மா, வண்டி நான் அனுப்புகிறேன். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும். முடிந்ததும் உங்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறேன்.