கேப் கோஸ்ட் போய் வந்த எஸ்தருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எஸ்தர்,

நீ இங்கிலாந்து திரும்பியதும் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கல்லூரி விடுமுறையில் 'சேவைப் பயணம்' என்று கானாவுக்கு வரும் நம் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் என்னிடம் மலேரியா மாத்திரையைப் பற்றியும் சிம் கார்டைப் பற்றியும் கேட்கிறார்கள். பிள்ளைகள் எந்தக் கடற்கரையில் போய் இறங்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நீ சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. கானாக் கடற்கரையில் இருக்கும் கேப் கோஸ்ட் கோட்டையில், அடிமைகளை அடைத்து வைத்திருந்த நிலவறையில் கூட வந்தவர்கள் அழுதபோது உனக்கு அழுகை வரவில்லை என்பது ஒன்று. அந்தக் கோட்டையைப் பார்த்த பிறகு, அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் வர்ணம் அடித்ததெல்லாம் விளையாட்டாகத் தோன்றுகிறது என்பது இன்னொன்று.

அழுகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துக்க வீட்டுக்குப் போகிற எல்லாருமா ஒப்பாரி வைக்கிறார்கள்? அந்த இருட்டில் மலர்வளையம் வைத்துவிட்டு நிற்கிற அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கு அது தங்கள் முன்னோர் அடைபட்டுக் கிடந்த அறை. நீ ஓரமாக, வாயை மூடிக்கொண்டு நின்றாய். அதுவே சரி. அழுத முகத்தோடு செல்ஃபி எடுத்துப் போட்ட உன் தோழனைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் உன் அப்பா, என் அண்ணன், கோபித்துக்கொள்வான்.

இரண்டாவதுதான் விஷயம். "கீழே மனுஷங்களை அடைச்சு வச்சிட்டு மேலே எப்படி சித்தப்பா ஜெபம் பண்ணாங்க?" என்று கேட்டாயே, அதற்கான பதிலில்தான் உன் வர்ண டப்பாவும் வருகிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. அந்த இடத்தில் 1653-இல் கோட்டை கட்டத் தொடங்கியவர்கள் ஸ்வீடன்காரர்கள். கைமாறிக் கைமாறி 1660-களில் ஆங்கிலேயரிடம் வந்தது. பக்கத்தில் இருக்கும் எல்மினா இன்னும் பழையது. 1482-இல் போர்ச்சுகீசியர் கட்டியது, 1637-இல் டச்சுக்காரர்கள் பிடித்தது. இரண்டையுமே முதலில் தங்கம், தந்தம் வாங்கத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு மனிதர்களே முக்கியச் சரக்கானார்கள். தங்கக் கடற்கரை என்று அன்றைக்கு அழைத்த இந்தக் கரையிலிருந்து மட்டும் சுமார் 12 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்தால் சுமார் 1.25 கோடி. அவர்களுக்கு விலையாகக் கொடுத்தது துப்பாக்கி, ரம், இரும்பு, எல்லாவற்றுக்கும் மேலே துணி. அந்தத் துணியில் ஒரு பெரும் பங்கு நம் சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் தோய்த்தது. இந்தியாவின் அச்சடித்த பருத்தித் துணியை இங்கிலாந்தில் பயன்படுத்தக் கூடாது என்று 1700-இலும், அச்சடித்த பருத்தித் துணியையே உடுத்தக் கூடாது என்று 1721-இலும் சட்டம் போட்டார்கள். மறு ஏற்றுமதிக்கு மட்டும் தடையில்லை. அதனால் அது லண்டனில் இறங்கி, ஏலம் போய், நேராக இந்தக் கரைக்கு வந்தது. நெசவாளிக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. அவரே முன்பணக் கடனில் இருந்தவர். இங்கே தேமா துறைமுக நகரில் துணி வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் இதைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

இப்போது ஜெபத்துக்கு வருவோம். 1752-இல் தாமஸ் தாம்சன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கேப் கோஸ்ட்டுக்கு வந்தார். யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. இங்குள்ள மக்களுக்கு நன்மை செய்ய வேண்டும் என்று தானே கேட்டு வந்தவர். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நான்கு வருடத்தில் திரும்பிவிட்டார். பிறகு 1772-இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் மனிதத் தன்மைக்கும் வேதத்துக்கும் முரணானது அல்ல என்று அதில் வாதாடினார். நிலவறையைப் பார்க்காதவர் எழுதியது இல்லை இது. அதற்கு மேலேயே இருந்துவிட்டுப் போனவர் எழுதியது.

அவர் 1754-இல் இந்தக் கரையோர இனமான ஃபாண்டிகளில் மூன்று பையன்களைப் படிப்பதற்காக லண்டனுக்கு அனுப்பினார். ஒருவன் காசநோயில் இறந்தான். இன்னொருவன் புத்தி பேதலித்து இறந்தான். மிஞ்சியவன் பிலிப் குவேக்கு. பதின்மூன்று வயதில் போனவர், 1765-இல் ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றார். அந்தச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். மறு வருடம் ஊர் திரும்பும்போது தாய்மொழி ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. கோட்டைக்குள் தன் அறையிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். சில வருடங்களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குப் பிள்ளைகள், சில வருடங்களில் ஒருவரும் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் கோட்டை அதிகாரிகளுக்கு இங்குள்ள பெண்களிடம் பிறந்த குழந்தைகள். 1816-இல் இறக்கும்வரை ஐம்பது வருடம் அங்கேயே இருந்தார். முற்றத்தில் கல்லறைகளைக் காட்டினார்களே, அதில் ஒன்று அவருடையது. நீ கவனித்திருக்க மாட்டாய், ஏனென்றால் வழிகாட்டிகள் அந்த இடத்தில் வேகமாக நடப்பார்கள்.

அவருக்குச் சம்பளம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. கோட்டையின் குரு என்ற முறையில், அந்தக் கோட்டையை வைத்து அடிமை வியாபாரத்தை நடத்திய வணிகர் கம்பெனி கொடுத்தது. ஆசிரியர், ஊழியக்காரர் என்ற முறையில் லண்டனில் இருந்த ஒரு மிஷன் சங்கம் கொடுத்தது. அந்தச் சங்கத்தின் பெயரைச் சொன்னால் நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் இருக்கிற ஆச்சி நிமிர்ந்து உட்காருவாள். எஸ்.பி.ஜி., அதாவது நற்செய்தி பரப்பும் சங்கம்.

ஏட்டி, அதே எஸ்.பி.ஜி.தான். கால்டுவெல் ஐயரை இடையன்குடிக்கு அனுப்பியது, நாசரேத்தில் பள்ளிக்கூடம் வைத்தது, உன் பூட்டனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது. அவர் படிக்காமல் இருந்திருந்தால் நம் வீட்டில் இன்றைக்கும் பனையேறிக்கொண்டுதான் இருந்திருப்போம் என்று தாத்தா சொல்வது உனக்கும் தெரியும். அது உண்மைதான்.

இதுவும் உண்மை: கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் 1710-இல் இறக்கும்போது பார்படோஸில் இருந்த தன் இரண்டு கரும்புத் தோட்டங்களை அந்தச் சங்கத்துக்கு எழுதி வைத்தார், அங்கே வேலை செய்த அடிமைகளோடு சேர்த்து. சங்கம் அவர்களை விடுவிக்கவில்லை. தொடக்க காலத்தில் அவர்கள் நெஞ்சில் 'சொசைட்டி' என்று காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். செத்தவர்களுக்குப் பதிலாகப் புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1834-இல் சட்டம் விடுவித்தபோது நஷ்ட ஈடாகச் சங்கத்துக்கு 8,823 பவுண்டு கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1838 வரை 'தொழில் பழகுபவர்' என்ற பெயரில் அதே தோட்டங்களில் கூலியில்லாமல் உழைத்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபை இதற்கு மன்னிப்புக் கேட்டது 2006-இல். அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள் எல்லாருக்குமாக அரசு கொடுத்த நஷ்ட ஈடு 2 கோடி பவுண்டு. அதற்காக வாங்கிய கடன் முழுதாகத் தீர்ந்தது 2015-இல்தான். அண்ணன் அதற்கு முன்பே இங்கிலாந்தில் வரி கட்டத் தொடங்கிவிட்டான். இதை அவனிடம் சொல், சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

பார்படோஸ் கரும்புக் காசில் நம் பூட்டன் படித்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தோட்ட வருமானம் அங்கே ஒரு கல்லூரி கட்டத்தான் ஒதுக்கப்பட்டது. ஆனால் நன்மை செய்கிற கையும் சூடு போட்ட கையும் வேறு வேறு ஆட்களுடையவை என்ற நினைப்பில் நீ ஊர் திரும்பியிருக்கிறாய். ஒரே சங்கம்தான். கீழே நிலவறை, மேலே ஜெபம், பக்கத்து அறையில் பள்ளிக்கூடம். அந்தக் கட்டடத்தில் இருந்த யாருக்கும் அது உறுத்தாமல் இருந்ததற்குக் காரணம் ஒவ்வொருவரும் தன் அறையின் வேலையை மட்டும் பார்த்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்குள்ளவர்கள் மட்டும் எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள் என்று நினைக்காதே. உள்நாட்டுப் போர்களில் பிடித்தவர்களைக் கொண்டுவந்து விற்றவர்களில் உள்நாட்டில் ஆண்ட அசாந்தியரும் உண்டு. நடுவில் தரகு பார்த்தவர்கள் ஃபாண்டிகள். வடக்கே சலாகாவில் பெரிய அடிமைச் சந்தையே இருந்தது. கப்பல் வியாபாரத்தைப் பிரிட்டன் 1807-இல் தடை செய்த பிறகும் உள்ளூரில் அடிமை முறை நடந்தது. அதை ஒழிக்க இங்கே சட்டம் வந்தது 1874-இல். அசாந்தியும் ஃபாண்டியும் அடங்கிய அகான் மக்களிடம் ஒரு பழைய கட்டளை உண்டு: ஒருவருடைய பூர்வீகத்தை இன்னொருவர் வெளியில் சொல்லக் கூடாது. அடிமையாக வந்தவரின் பிள்ளைகள் அந்தக் குடும்பத்தோடு குடும்பமாகக் கலந்துபோவதற்கு அந்த மௌனம் உதவியது. பேச வேண்டியதைப் பேசாமல் விடுவதற்கும் அதுவேதான் உதவியது. என் கடையில் வேலை செய்கிற பெரியவரிடம் ஒரு நாள் இதைப் பற்றி ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டே கால்பந்துக்குப் போய்விட்டார். நம் ஊரிலும் யார் யாருக்குப் பண்ணையாளாக இருந்தார்கள் என்று கேட்டுப் பார், இதே சிரிப்புதான்.

சரி, உன் சுவர். மஞ்சளும் பழுப்புமாக நீங்கள் அடித்த வர்ணத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. உள்ளூர் பெயின்டர் ஒருவரை விட்டிருந்தால் இன்னும் நேராக அடித்திருப்பார், கூலியும் கிடைத்திருக்கும். அவ்வளவுதான். அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

நான் கவலைப்படுவது உன் பயண அறிக்கையைப் பற்றி. மாத முடிவுக்குள் எழுதித் தர வேண்டும் என்றாய். குவேக்குவும் பல வருடம் அறிக்கை எழுதினார். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஞானஸ்நானம், என்ன தடங்கல் என்று கடிதம் கடிதமாக எழுதினார். எல்லாம் லண்டனுக்குப் போயின. கேப் கோஸ்ட்டில் இருந்தவர்களுக்கு அவர் தங்களைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று தெரியாது. உன் அறிக்கையும் இங்கிலாந்துக்காரர்கள் இங்கிலாந்துக்காரர்களுக்கு எழுதுகிற அறிக்கையாகத்தான் இருக்கும், நீ மாற்றினால் தவிர.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை உன்னிடம் வாட்ஸப் எண் கொடுத்தார் என்றாயே. சமர்ப்பிப்பதற்கு முன்னால் வரைவை அவருக்கு அனுப்பு. அடுத்த வருடம் வரப்போகிற குழுவின் பயணச் செலவுக் கணக்கையும் கேட்டு வாங்கி அனுப்பு; அந்தப் பணத்தை என்ன செய்திருக்கலாம் என்று அவரே சொல்லட்டும். அவர் வெட்டச் சொன்னதை வெட்டு, சேர்க்கச் சொன்னதைச் சேர். உங்கள் ஒருங்கிணைப்பாளருக்குப் பிடிக்காமல் போகலாம். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுது.

சித்தப்பா,
தேமா