செயலாளர் ஆண்டறிக்கை: நம்ம போர்வெல் தண்ணியும் நொய்யல் ஆறும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. தெருவிளக்கு, ரோட்டுல குழி மூடுனது, பொங்கல் விழா எல்லாம் நீங்களே கூட நின்னு பாத்தது தான், வரவு செலவ பொருளாளர் படிப்பாரு, அதனால நான் நேரா தண்ணி விசயத்துக்கு வந்தர்றேன்.

போன கூட்டத்துல நம்ம பசங்க கேட்டாங்க, இப்பத்தான் நம்ம திருப்பூர் நொய்யல் ஆத்துல சாயப்பட்டறைக் கழிவு கலர்கலரா ஓடறதில்லையே, அப்புறம் எதுக்கு போர் தண்ணிய டெஸ்ட் பண்றோம்னு. நல்ல கேள்விங்க. பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா உப்பப் போட்டாகணும், ஆனா அந்த உப்பு துணியில ஒட்டாது, கழிவுத் தண்ணியோட வெளிய வந்துரும். கலர சுண்ணாம்பு போட்டு எடுத்துரலாம், உப்பு அதுல போகாது. அப்படியே வருசக்கணக்கா நொய்யல்ல போயி, 1992ல பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் டேம்ல தேங்கி, சுத்துப்பட்டு தோட்டத்துக்கும் கெணத்துக்கும் அந்த டேமே எமனாப் போச்சு. கீழ்ப்பக்க விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி விடாம நின்னாங்க, அவங்களுக்கு நாம கடமைப்பட்டிருக்கோம். 2011 ஜனவரில ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லிருச்சு. அப்ப வேலை போயி சொந்த ஊருக்கு பஸ் ஏறுனவங்க எத்தனையோ பேரு, பட்டறைல பாடுபட்ட குடும்பம் நம்ம சங்கத்துலயே நெறைய இருக்கு, அந்தக் கஷ்டமும் நம்ம கஷ்டந்தான்.

அதுக்கப்புறம் தான் சொட்டுக் கழிவு வெளிய விடக்கூடாதுங்கறது நடைமுறைக்கு வந்துச்சு. பொது சுத்திகரிப்பு நிலையத்துல ஆர்ஓ, அதாவது உப்ப வடிகட்டற மெசின் போட்டு, மிஞ்சற உப்புத் தண்ணியக் காய்ச்சி உப்பப் பிரிச்சு, தண்ணியையும் உப்பையும் திரும்ப பட்டறைக்கே குடுக்கறாங்க. கரண்டும் வெறகும் நெறையத் தின்கற வேலைங்க அது. ஆனா மண்ணுக்குள்ள ஏற்கனவே எறங்குனது மழை பேஞ்சு பேஞ்சு தான் கரையணும். நம்ம தெருவுல சில போர் இன்னும் உப்புக் கரிக்குது. குடிக்கறதுக்கு டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே கெடைக்கலன்னா 2000 வரைக்கும், அதுக்கு மேல போனா பாத்திரம் கழுவறதோட நிறுத்திக்கங்க.

நொய்யல்ல போயி சேர்ற ஜம்மனை ஓடை பத்தி மாநகராட்சில மனு குடுத்திருக்கோம். அங்க இப்ப சாக்கடையும் பிளாஸ்டிக்கும் பனியன் கட்டிங் வேஸ்டும் தான் பிரச்சனை, இதுல கோர்ட்டு வந்து ஒண்ணும் பண்ண முடியாது, வேஸ்ட் மூட்டைய ஓடைல யாரு போடறாங்கன்னு நமக்கே தெரியும், நேர்ல போயி பேசுனதுல சிலர் நிறுத்திட்டாங்க, மத்தவங்ககிட்டயும் போவோம்.

அடுத்த வருசம் கோயில் பக்கத்துல மழைநீர் குழி எடுக்கறதா தீர்மானம். எடம் குடுக்கறவங்க, ஆள் தர்றவங்க புரட்டாசிக்குள்ள சொல்லிருங்க, ஐப்பசி மழை புடிச்சா தோண்ட முடியாது.