வீக்கத்துக்கு மாத்திரை வேண்டாம், முருகேசா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா மறுபடியும் பேப்பர் படிக்கிறாள்.

உன் கையைப் பற்றித்தான் கவலை. கண்ணாடி வெட்டி அறுந்த மணிக்கட்டு நரம்பைத் தைத்து இரண்டு மாதம் ஆகியும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்தே கிடக்கின்றன என்கிறாய். உள்ளே இருக்கும் வீக்கம்தான் நரம்பை வளரவிடாமல் தடுக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். அதற்கு மாத்திரை வாங்கிப் போடலாமா என்று கேட்கிறாய். டாக்டரைக் கேட்காமல் எதுவும் போடாதே. கல்லூரியில் உடலியங்கியல் நடத்திய காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தையல் சேர்ப்பது நரம்பின் உறையைத்தான். வெட்டுக்கு அப்பால் விரல் வரை இருந்த பழைய நரம்பு இழைகள் சிதைந்துபோகும். தவளையின் நாக்கு நரம்பை அறுத்து 1850-இலேயே அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் காட்டிவிட்டார். இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலத்துக்கு மயலின் என்று பெயர்; சிதைந்த மயலினில் புது இழையின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. அதனால் மயலினை உருவாக்கும் ஷ்வான் செல்கள் தாமே அதை உடைக்கத் தொடங்கி, மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களையும் ரத்தத்திலிருந்து வரவழைக்கின்றன. அவை இரண்டு மூன்று நாளில் வந்து குவிந்து, சிதைவுகளை விழுங்கித் தீர்க்கின்றன. வீக்கம், அழற்சி என்று நாம் பயப்படுவது இந்த வேலையைத்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் இது மிக மந்தமாக நடக்கிறது. அங்கே அறுந்த இழைகள் வளராததற்கு அதுவும் ஒரு காரணம்.

1989-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு விசித்திரமான எலி வகையைக் கண்டார்கள். அதன் நரம்பை அறுத்தாலும் துண்டான பகுதி வாரக்கணக்கில் சிதையாமல் கிடந்தது, மேக்ரோஃபேஜ்களும் தாமதமாகவே வந்தன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உணர்ச்சி இழைகள் புதிதாக வளர்வதும் அதில் தாமதமானது! 2015-இல் லண்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். அறுந்த முனைகளுக்கு நடுவே ஆக்சிஜன் குறைவதை மேக்ரோஃபேஜ்கள் உணர்ந்து, புது ரத்தக் குழாய்களை வளரவைக்கின்றன. அந்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டு ஷ்வான் செல்கள் நகர, அவற்றின் பின்னால் இழைகள் வருகின்றன. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அழற்சி எப்போதும் நல்லது என்று சொல்லமாட்டேன். அடங்காமல் நீடித்தால் தீராத நரம்பு வலியாக மாறலாம். தொழுநோயில் உடலின் எதிர்வினையே நரம்பை நெரித்து அழிக்கிறது, அங்கே ஸ்டீராய்டு கொடுத்துத்தான் காப்பாற்றுகிறார்கள். எது எப்போது தேவை என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும், தொடங்கவே சில வாரம் பிடிக்கும். கணக்குப் போட்டால் உனக்கு இப்போது உள்ளங்கையில்தான் வந்துகொண்டிருக்கும். விரல் நுனிக்கு இன்னும் பல மாதம். மணிக்கட்டிலிருந்து விரல் பக்கமாக மெதுவாகத் தட்டிப் பார். எந்த இடத்தில் விரலுக்குள் சுரீர் என்று மின்சாரம் ஓடுகிறதோ, ஏறக்குறைய அதுவரை இழை வந்திருக்கிறது.

பிசியோதெரபியை விடாதே. அடுப்படிக்குப் போனால் சூடான பாத்திரத்தை அந்தக் கையால் தொடாதே, சுட்டாலும் உனக்குத் தெரியாது. பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் சுரீர் எதுவரை வந்தது என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராமநாதன்