பயிற்சி உளவியலாளரின் அமர்வை ஒருவராவது கேளுங்கள்

முதுநிலை உளவியல் பயிற்சி நடத்தும் பல்கலைக்கழகத் துறைத் தலைவர்களுக்கும், பயிற்சி முடித்தவர்களுக்குத் தொழில் உரிமம் வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் சிகிச்சைப் பணியில் இருக்கும் உளவியலாளர். பயிற்சிக்கு வரும் முதுநிலை மாணவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கிறேன். பருவம் முடிகிற நேரத்தில் துறையிலிருந்து ஒரு படிவம் வரும். மாணவர் எத்தனை மணி நேரம் நேரடியாகச் சிகிச்சை கொடுத்தார், எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் உட்கார்ந்தார், எத்தனை சோதனைகள் நடத்தி அறிக்கை எழுதினார் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் அவர் அடுத்த படிக்குப் போய்விடுவார். அந்த மாணவர் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசியதை நீங்கள் ஒரு தடவையாவது நேரில் பார்த்தீர்களா, ஒலிப்பதிவிலாவது கேட்டீர்களா என்று மட்டும் எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

மேற்பார்வை பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு மணி நேரம். மாணவர் தன் குறிப்பேட்டைத் திறந்து, "இந்த வாரம் அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார், கொஞ்சம் அழுதார், நான் அவருடைய உணர்வை அங்கீகரித்தேன்" என்று சொல்வார். மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசனை சொல்வார். இருவருமே உண்மையான அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அந்த அறையில் நடந்தது எதுவும் மேற்பார்வையாளருக்குத் தெரியாது. "அங்கீகரித்தேன்" என்றால் என்ன வார்த்தை சொன்னார்? எந்தக் குரலில்? அழுகை வந்த உடனே சொன்னாரா, ஒரு நிமிடம் பொறுத்தா? சிகிச்சையின் தரம் இந்த இடங்களில்தான் இருக்கிறது. கதையாகச் சொல்லும்போது இவைதான் முதலில் உதிர்ந்துபோகின்றன.

சொல்லப்படாமல் போவது எவ்வளவு என்பதைப் பற்றி ஆராய்ச்சியும் இருக்கிறது. 1996இல் நிக்கோலஸ் லடானியும் அவரோடு இருந்தவர்களும் 108 பயிற்சி சிகிச்சையாளர்களிடம், மேற்பார்வையாளரிடம் நீங்கள் சொல்லாமல் விட்டது உண்டா என்று கேட்டார்கள். 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உண்டு என்றார்கள். மேற்பார்வையாளர் மீதே இருந்த அதிருப்தி, தங்கள் சொந்த வாழ்க்கைச் சிக்கல்கள், சிகிச்சையில் செய்த தவறுகள் என்று அவர்கள் மறைத்தவை பல வகை. இதற்காக மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே மேற்பார்வையாளர்தான் பருவ முடிவில் மதிப்பெண் போடுகிறார், அவர் கையெழுத்து இல்லாமல் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இந்த நிலையில் தவறைத் தானாக முன்வந்து சொல்லும் தைரியத்தை ஒரு 24 வயதுக்காரரிடம் நாம் எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

மறைப்பதைவிட எனக்குப் பெரிய கவலை, மாணவருக்கே தெரியாமல் நடப்பது. கவனிக்காததை யாராலும் சொல்ல முடியாதே.

தற்கொலை எண்ணத்தை விசாரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நேராகக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்றும் சொல்கிறோம். மாணவர் தேர்வில் அதைச் சரியாக எழுதுகிறார். பிறகு குறிப்பேட்டில் "தற்கொலை அபாயம் விசாரிக்கப்பட்டது, இல்லை" என்று ஒரு வரி வருகிறது. பதிவைப் போட்டுக் கேட்டால் அந்த விசாரணை, "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று இருக்கும். வந்தவர் "இல்லை இல்லை" என்பார், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். கேள்வியே "இல்லை" என்ற பதிலைக் கையில் கொடுத்துவிட்டது. கேட்டவருக்கோ, தான் கேட்டுவிட்டோம் என்ற நிறைவு. இது மாணவர்களிடம் மட்டும் உள்ள பழக்கமும் அல்ல. பிரிட்டனில் ரோஸ் மெக்கேபும் குழுவினரும் மனநல மருத்துவர்களின் சந்திப்புகளை வீடியோவில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிய கேள்விகளில் சுமார் நான்கில் மூன்று பங்கு இப்படி எதிர்மறையாகவே கேட்கப்பட்டிருந்தன. நோயாளியின் கோப்பை எத்தனை முறை புரட்டினாலும் இது கண்ணில் பட்டிருக்காது. பதிவு இருந்ததால் மட்டுமே வெளியே வந்தது.

இது நமக்குப் புதிய சங்கதியும் இல்லை. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தன் மாணவர்களின் அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டிய காலம் அது. அவ்வளவு சிரமத்திலும் செய்தார். 1942இல் ஒரு முழுச் சிகிச்சையையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டு வெளியிட்டார். இன்றைக்கு ஒவ்வொரு மாணவர் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, நாம் இன்னும் நினைவிலிருந்து கதை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

1949இல் அமெரிக்காவில், கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, உளவியலாளர் விஞ்ஞானியாகவும் சிகிச்சையாளராகவும் ஒரே நேரத்தில் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தது. உலகம் முழுக்கப் பல பாடத்திட்டங்கள் இன்றும் அந்த முடிவின் மேல்தான் நிற்கின்றன. ஆய்வேட்டில் ஒரு மாணவர், "பங்கேற்பாளர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன், வேறு அளவீடு எதுவும் இல்லை" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் அவரை விட்டுவைப்பீர்களா? அதே மாணவரின் சிகிச்சைத் திறனை மட்டும் அவர் சொன்னதை வைத்தே மதிப்பிடுகிறோம். இந்த முரண்பாடு என்னை உறுத்துகிறது. உங்களையும் உறுத்த வேண்டும் என்று விரும்புகிறேன்.

"முதலில் அப்படித்தான் இருக்கும், அனுபவத்தில் சரியாகிவிடும்" என்று மூத்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் வலுவாக இல்லை. 2016இல் சைமன் கோல்ட்பர்க் குழுவினர் 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,591 பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்தார்கள். அனுபவம் கூடக் கூட, சராசரியாகப் பலன் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறைந்திருந்தது. முன்னேறியவர்களும் இருந்தார்கள், உண்மைதான், ஆனால் வருடங்கள் ஓடியதாலேயே எல்லோரும் தேறிவிடவில்லை. 2012இல் வெளியான இன்னோர் ஆய்வில் 129 மனநலப் பணியாளர்களிடம், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மையத்துக்குச் சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யார் யாருடைய நிலை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். 3 பேரைச் சுட்டினார்கள். மோசமானவர்கள் 40 பேர். அந்த மூவரில் ஒருவரைப் பற்றிய கணிப்பு மட்டும் சரியாக இருந்தது.

திறமையும் நல்லெண்ணமும் உள்ளவர்களின் கணக்கு இது. தனி அறையில், கதவை மூடிக்கொண்டு, தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் யாருக்கும் இதுதான் நடக்கும். பாட்டு வாத்தியார் சீடரை எதிரில் உட்காரவைத்துப் பாடச் சொல்லித்தான் திருத்துவார், நேற்று எப்படிப் பாடினாய் என்று விவரம் கேட்டுத் திருத்த மாட்டார். பயிற்சிக் காலம் ஒன்றில்தான் அந்தக் கதவைத் திறந்துவைக்க நமக்கு உரிமையும் வாய்ப்பும் இருக்கிறது. உரிமம் கைக்கு வந்தபின் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

சோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்ணறிவுச் சோதனை நடத்தப் பழகும் மாணவர்கள், மேலும் விசாரிக்க வேண்டிய பதிலை விசாரிக்காமல் விடுவது, மதிப்பெண்ணைத் தவறாகக் கூட்டுவது போன்ற பிழைகளைச் செய்கிறார்கள் என்பதும், திரும்பத் திரும்ப நடத்துவதால் மட்டும் அவை குறைவதில்லை என்பதும் பல காலமாகத் தெரிந்த விஷயம். ஒரு குழந்தைக்குச் சிறப்புப் பள்ளியா, வழக்கமான வகுப்பா என்பது சில நேரம் அந்த எண்ணைப் பொறுத்து முடிவாகிறது. பத்துச் சோதனைகள் முடித்தார் என்று எழுதி வாங்குவதைவிட, இரண்டை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார் என்று எழுதி வாங்குவது மேல்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. பிரிட்டனில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கான பயிற்சிகளில் மாணவர்கள் உண்மையான அமர்வின் பதிவைக் கொடுக்கிறார்கள். 12 கூறுகள் கொண்ட ஓர் அளவுகோலில், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, அது மதிப்பிடப்படுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகார விதிகள், பயிற்சி மதிப்பீடு ஒவ்வொன்றும் ஓரளவாவது நேரடிக் கவனிப்பின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்கின்றன. குறைந்தபட்சம்தான், ஆனாலும் எழுதப்பட்ட விதி. மருத்துவக் கல்வியில் ரொனால்ட் ஹார்டன் 1975லேயே, மாணவர் செய்வதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் தேர்வு முறையை வெளியிட்டுவிட்டார்.

எதிர்ப்புகளில் எனக்கு மதிப்பு உள்ளது ஒன்று உண்டு: ரகசியம். உதவி தேடி வருபவர் தன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறார், அதைப் பதிவு செய்வதா என்ற கேள்வி சரியானது. ஆகவே அவரிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும், வேண்டாம் என்றால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது, சம்மதித்த பிறகும் எந்த நிமிடமும் நிறுத்தச் சொல்லலாம். மாணவரின் சொந்த அலைபேசியில் பதிவு இருக்கவே கூடாது. துறை ஒரு கருவியும் பூட்டிய சேமிப்பிடமும் கொடுக்க வேண்டும். இப்படி விளக்கிக் கேட்டால் சம்மதிப்பவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். தயக்கம் பெரும்பாலும் மாணவரிடம்தான். அவர் தயங்கித் தயங்கிக் கேட்கும்போது எதிரில் இருப்பவருக்கும் பயம் தொற்றிக்கொள்கிறது. சம்மதிக்காதவரை வற்புறுத்தவே கூடாது. அங்கே மேற்பார்வையாளர் கூடவே உட்காரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வேறொருவர் சம்மதிப்பார்.

நேரம் இல்லை என்பது அடுத்த பதில். முழு அமர்வையும் கேட்கத் தேவையில்லை. மாணவர் தனக்குக் குழப்பமாக இருந்த பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், மேற்பார்வையாளர் தன் விருப்பப்படி வேறொரு பத்து நிமிடத்தை எடுக்கட்டும். அமெரிக்க உளவியலாளர் நார்மன் கேகன் 1960களில் உருவாக்கிய முறை இதற்கு மிகவும் பொருத்தம். பதிவை ஓடவிட்டு, மாணவரே எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்திய இடத்தில், அந்த நொடியில் உனக்குள் என்ன ஓடியது, எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டாய் என்று மட்டும் கேட்க வேண்டும். சரி, தவறு என்று தீர்ப்பு எதுவும் இல்லை. இதில் மாணவர்கள் சொல்பவை குறிப்பேட்டில் ஒருநாளும் வராதவை. "அவர் கோபப்பட்டது எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் பேச்சை மாற்றினேன்" என்று ஒரு மாணவர் சொல்லும் இடத்தில்தான் பயிற்சி தொடங்குகிறது.

ஆனால் நேரம் என்பது பணமும்தான். மேற்பார்வை செய்பவர்களில் பலர் ஊதியம் இல்லாமல், தங்கள் வேலைக்கு மேல் இதைச் செய்கிறார்கள். பாடம் நடத்துவது பணி நேரமாகக் கணக்கில் வருகிறது, பதிவைக் கேட்பது வருவதில்லை. இதை மாற்றுவது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அப்புறம், கற்றுக்கொள்வதற்கான பதிவுகளுக்கு மதிப்பெண் இருக்கக் கூடாது. மதிப்பீட்டுக்கு வேறு பதிவுகள், வேறு ஆள். இரண்டையும் கலந்தால் மாணவர்கள் தங்கள் சிறந்த அமர்வை மட்டுமே கொண்டுவருவார்கள்.

இதனால் மாணவருக்கும் பாதுகாப்பு. இன்றைய முறையில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் நல்ல சிகிச்சையாளராகத் தெரிகிறார். மேற்பார்வை நடக்கும் மொழி சரளமாக வராத மாணவர், அமர்வில் அற்புதமாக வேலை செய்துவிட்டு அதைச் சொல்லத் தெரியாமல் சுமாரான மதிப்பீடு வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், இந்தத் தொழிலுக்கு ஏற்றவர் இல்லை என்று ஒருவரை நிறுத்த வேண்டிய கடினமான நேரமும் வரும். அப்போது கையில் இருப்பது வெறும் அபிப்பிராயமாக இருந்தால் அது அவருக்கும் அநியாயம், துறையும் பயந்து தேர்ச்சி போட்டுவிடும். அவரிடம் பின்னால் வரப்போகிறவர்களை அந்த இடத்தில் யாரும் நினைப்பதில்லை.

துறைத் தலைவர்களிடம் நான் கேட்பது: அடுத்த பருவத்துப் படிவத்தில், மேற்பார்வையாளர் நேரில் பார்த்த அல்லது பதிவில் கேட்ட அமர்வுகள் எத்தனை, எந்தத் தேதிகளில் என்று ஒரு கட்டம் சேருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள். உரிமம் வழங்குபவர்களிடம் கேட்பது: மணிக்கணக்கோடு சேர்த்து இதையும் தகுதியாக்குங்கள், பருவத்துக்கு மூன்று அமர்வு என்று தொடங்கினாலும் போதும். இதற்காக மொத்த மணி நேரத்தில் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தால் தாராளமாகக் குறையுங்கள். சம்மதப் படிவத்தின் மாதிரியும் பதிவுகளைப் பாதுகாக்கும் விதிகளும் எழுத ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். இதே கருத்துள்ள மேற்பார்வையாளர்களையும் அழைத்து வருகிறேன்.

மரியாதையுடன்,
ஒரு மேற்பார்வையாளர்