தைத்த படத்தையும் சுவரில் கொழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் எப்போதாவது ஒரு கலைக் கண்காட்சி நடந்தால், வரைந்த படங்கள் எல்லாம் மண்டபத்துச் சுவருக்குப் போகின்றன, துணியில் தைத்தவை எல்லாம் வாசலோரம் மேசை போட்டு, கம்பளிப் பூவுக்கும் பனையோலைப் பெட்டிக்கும் நடுவில் பரப்பப்படுகின்றன. பெட்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல பெட்டி இழைப்பது லேசான வேலையா என்ன. ஆனால் சுவரில் நின்று பார்க்க வேண்டும் என்று செய்த ஒன்றை நாலாக மடித்து மேசையில் வைத்தால் அது தலையணை உறையாகத்தான் தெரியும். வருகிறவர்களும் "இது எதுக்குப் பாவிக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். சாயத்தில் வரைந்த கடலைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டு நான் காணவில்லை.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இப்போது நான் தைத்துக்கொண்டிருப்பதற்கு அடித்துணி ஒரு பழைய நூல் சீலை. அதன் மேல் டச் பே கரையில் ஒதுங்கிக் கிடந்த நைலோன் வலைத் துண்டு, பஸ் டிக்கெட்டுகள், உரப்பையில் வெட்டிய கீலங்கள், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது வெறும் நூலோட்டுத் தையல், அங்கங்கே சங்கிலித் தையல். சீலையை முதலில் வெந்நீரில் கஞ்சி முழுதாகப் போக அலச வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கஞ்சிக்கே பூச்சி வந்து துணியையும் சேர்த்துத் தின்னும். கடதாசியில் தையல் நெருக்கமாக விழுந்தால் தபால் முத்திரைத் தாள் கிழிகிற மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும், அதனால் பின்னால் மெல்லிய துணி ஒட்டி, தையலை எட்ட எட்டப் போட வேண்டும். வலை இன்னொரு தலையிடி, ஸ்திரிக்கைப் பெட்டியின் சூடு கொஞ்சம் கூடப் பட்டாலே உருகிச் சுருண்டுவிடும்.

வானத்துக்கு நான் சாயம் வாங்குவதில்லை. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் நனைத்த துணியில் சுற்றி வைத்து, துருவின் கறை ஏறியதும் கடும் தேயிலைச் சாயத்தில் தோய்த்தால் கருஞ்சாம்பல் நிறம் பிடிக்கும். வாடைக் காலத்தில் துறைமுகத்துக்கு மேலே நிற்கிற மேகம் அச்சாக அதே நிறம்தான். ஆனால் இரும்பு பருத்தியை வருடக் கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும், நன்றாக அலசினாலும் ஓரளவுதான் தப்பும். அது தெரிந்தும் செய்கிறேன், அந்த நிறம் வேறு எதிலும் வருவதில்லை.

இவ்வளவு பாடுபட்டதைக் கண்காட்சியில் குண்டூசி குத்தி, மிஞ்சினால் செலோடேப் ஒட்டித் தொங்க விடுகிறார்கள். நம்முடைய உப்புக் காற்றில் குண்டூசி துருப்பிடிக்க எத்தனை நாள் வேண்டும்? துணியின் பாரமெல்லாம் அந்த இரண்டு மூலையில் தொங்கி, நடுப்பாகம் தொய்ந்துவிடும். பெரிய செலவு கேட்கவில்லை. மேல் விளிம்புக்குப் பின்னால் குழாய் மாதிரி ஒரு துணிப் பட்டி நாங்களே தைத்துத் தருவோம், அதற்குள் ஒரு மரச்சட்டத்தை நுழைத்து இரண்டு ஆணியில் கொழுவினால் பாரம் ஒரே சீராக இறங்கும். கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கண்ணாடி துணியில் முட்டாமல் இடைவெளி விடுங்கள், முட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். யன்னலுக்கு நேரே வேண்டவே வேண்டாம், கச்சான் காலத்து வெயில் எந்த நிறத்தையும் விட்டுவைக்காது. அப்புறம், தொட்டுப் பார்க்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, துணி என்றால் கை தானாகப் போகும். பக்கத்தில் அதே துணியில், அதே தையலில் ஒரு சிறு துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தைத்ததெல்லாம் கைப்பணி, கலை இல்லை என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கம் சொன்னார். பிரான்சின் பாயோ நகரத்தின் பெயரால் அறியப்படும், இங்கிலாந்தில் நடந்த 1066ஆம் ஆண்டுப் போரைச் சொல்லும் சுமார் 70 மீற்றர் நீளத் துணி ஒன்று இருக்கிறது, கம்பளி நூலால் லினன் துணியில் தைத்தது, அதை யாரும் மேசையில் மடித்து வைக்கவில்லை. சிலியில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு பிள்ளைகளையும் கணவன்மாரையும் காணாமல் போகக் கொடுத்த பெண்கள், நடந்ததைத் துண்டுத் துணிகளால் சாக்குத் துணியில் தைத்தே வெளிநாடுகளுக்குச் சொன்னார்கள். இங்கேயும் யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு ஒரு சட்டையையோ சீலையையோ எறிய மனமில்லாமல் அலுமாரியில் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை.

அதற்காக எல்லாரும் துயரத்தையே தைக்க வேண்டும் என்று இல்லை. பயிற்சிப் பட்டறை நடத்த வருகிறவர்கள் "சமாதானம்" என்று தலைப்பைக் கொடுத்து ஆளுக்கொரு புறா தைக்கச் சொல்கிறார்கள், இந்த ஊரில் எத்தனை புறா தைத்தாயிற்றோ. எனக்குப் பிரெடரிக் கோட்டைப் பக்கம் திரிகிற மான் பொலித்தீன் பையை மெல்லுவதைத் தைக்கத்தான் ஆசை. பொலித்தீனைப் பொலித்தீனாலேயே தைக்கலாம், ஊசி போகும், ஒரு முறை குத்திய ஓட்டை மறையாது என்பதால் கை மட்டும் தவறக்கூடாது.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் கேட்பது, அறிவித்தலைக் கொஞ்சம் முந்தியே விடுங்கள் என்பதுதான். பத்து நாளைக்குள் கொண்டு வா என்றால் கைத்தையலில் ஒரு மூலைகூட முடியாது, பிறகு ஏன் துணி வேலை வரவில்லை என்று கேட்டுப் பயனில்லை. உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். துணியில் செய்த படத்தை மகளிர் பக்கத்தில் சமையல் குறிப்புக்குக் கீழே போடாதீர்கள். தையல் கடை நடத்துகிறவர்களும் கரையில் வலை பொத்துகிறவர்களும் ஆண்கள்தானே, ஊசி யாருக்கும் சீதனமாக வந்ததில்லை. கலைப் பக்கத்தில் போடுங்கள், படத்தின் கீழே "பெண்களின் கைவண்ணம்" என்று மட்டும் எழுதி விடாமல் செய்தவர் பெயர், என்ன துணி, என்ன நூல், எத்தனை அடி, எந்த ஆண்டு என்று ஓவியத்துக்குப் போடுவது போலவே போடுங்கள்.

இப்படிக்கு,
தைக்கிற ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை.